மஞ்சள் விளக்கும் ச்சிகூ மீன்குளமும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் ஷீ வென்தாய் அவர்களே! இந்த மேடைக்கு மெருகூட்டி அமர்ந்திருக்கும் சம்பான் மொழிச் சங்கத்தின் மூத்தோர்களே! ஒகினாவாவிலிருந்தும் பூசானிலிருந்தும் கடல் கடந்து வந்திருக்கும் நண்பர்களே! பகலெல்லாம் பிழைப்புக்காக நிரல் எழுதி, மிஞ்சும் பொழுதில் முகம் தெரியாத மனிதர்களுக்காக நிரல் எழுதும் என் தாய்நான் நகரத்துத் தோழர்களே! எல்லாவற்றுக்கும் மேலாக, ச்சிகூ மீன்குளக் கூட்டுறவிலிருந்து, அறுவடைக் காலத்திலும் அரைநாளை எங்களுக்கென்று ஒதுக்கி, சேறு படிந்த ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் லான் ஷூசிங் ஆகிய நான் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

என்னைப் பாராட்டித் தலைவர் பத்து நிமிடம் பேசினார். பன்னிரண்டு ஆண்டு உழைத்தேன் என்றார். பல்லாயிரம் பேர் என் கைவேலையைப் பயன்படுத்துகிறார்கள் என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். நட்பின் காரணமாக விட்டார். நாகரிகத்தின் காரணமாக விட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன். ஏனென்றால் இன்று பிற்பகல் நீங்கள் ஒரு தீர்மானத்துக்குக் கை உயர்த்தப் போகிறீர்கள். உயர்த்துவதற்கு முன், ஒரு கை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு உயர்த்துங்கள் என்று கேட்கவே இந்த மேடையில் நிற்கிறேன்.

முதல் வரிசைத் தாய்மார்களுக்காக முதலில் ஒரு விளக்கம்.

சம்பான் என்பது கணினிக்கு வேலை சொல்லும் ஒரு மொழி. திறந்த மொழி. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த மொழியில் எழுதுகிறவர்களின் எடிட்டர் மென்பொருளுக்குள் உட்கார்ந்துகொண்டு உதவுவதற்கு ஒரு கருவி செய்தோம். துவோ என்று பெயர் வைத்தோம். துவோ என்றால் சுக்கான், சம்பான் என்ற படகுக்குச் சுக்கான் போல. நீங்கள் ஒரு வரி எழுதுகிறீர்கள். ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிகிறது. "இந்த வரியை இப்படி மாற்றித் தரட்டுமா?" என்று கேட்கிறது. நீங்கள் ஒரு விசையை அமுக்குகிறீர்கள். வரி மாறிவிடுகிறது. கோணலாக இருந்தது நேராகும். நீளமாக இருந்தது குறுகும். முடிச்சாக இருந்தது அவிழும்.

அவ்வளவுதான். ஒரு விளக்கு. ஒரு விசை. அப்படிப்பட்ட நூற்று முப்பத்தேழு உதவிகள் துவோவில் இருந்தன. அவற்றில் நாற்பதை நான் எழுதினேன். என் கையால் எழுதினேன். கர்வத்தோடு எழுதினேன்.

அந்த நாற்பதில் ஒன்று, இரண்டு குளங்களைக் கொன்றது.

(சலசலப்பு வேண்டாம் நண்பர்களே. சொல்கிறேன். முழுவதும் சொல்கிறேன்.)

ச்சிகூவில் ஆகிம் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். வெங் ஆகிம். முன்வரிசையில் இருக்கும் உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். இன்று அவர் வரவில்லை. அவருடைய குளத்தில் இன்று வலை போடுகிறார்கள். கணவர் காலமான பிறகு மூன்று பால்மீன் குளங்களைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர். பால்மீனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? காலையில் கஞ்சியில் அது இல்லையென்றால் தாய்நான்காரன் கண் திறப்பானா? ஆனால் அந்த மீனுக்கு மூச்சு முட்டினால் யாருக்குத் தெரியும்? நீருக்குள்ளே இருக்கிற பிராணவாயு குறைந்தால் மீன் கத்துமா? கதவைத் தட்டுமா? போன் பண்ணுமா?

அதற்காகத்தான் கூட்டுறவு ஒரு ஏற்பாடு செய்தது. குளத்துக்குள்ளே ஓர் அளவுக் கருவி. அது நிமிடத்துக்கு ஒரு முறை பிராணவாயுவை அளந்து எண்ணாகச் சொல்லும். எண் மூன்றுக்குக் கீழே போனால், கரையோரம் இருக்கும் ஏரேட்டர் சக்கரங்கள் தாமாகச் சுழன்று தண்ணீரை அடித்துக் காற்றை ஏற்றும். அக்காவின் போனும் அலறும். இதற்கான நிரலை எழுதியவர் காங் யோங்செங். அந்த ஊர்க்காரர். முப்பது வயது. அக்காவைச் சித்தி என்று கூப்பிடுவார். எழுதியது சம்பான் மொழியில். எழுத உதவியது எங்கள் துவோ.

இப்போது கவனியுங்கள். யோங்செங் முதலில் எழுதிய வரி இது: "எண் மூன்றோ அதற்கு மேலோ என்பது உறுதியாக இல்லையென்றால், சக்கரத்தை ஓட்டு." கொஞ்சம் சுற்றி வளைத்த வரிதான். கொஞ்சம் நாக்கு சுளுக்கும் வரிதான். மார்ச் மாதம் ஒரு நாள், பழைய நிரலைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, அந்த வரியின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. "இந்த 'இல்லையென்றால்' முடிச்சை அவிழ்த்துத் தரட்டுமா?" என்று கேட்டது. அவர் அமுக்கினார். வரி இப்படி மாறியது: "எண் மூன்றுக்குக் கீழே இருந்தால், சக்கரத்தை ஓட்டு."

அழகாக இல்லையா? படிக்கச் சுகமாக இல்லையா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றவில்லையா?

பின்வரிசையில் யாரோ ஒருவர் தலையாட்டுகிறீர்கள். ஒன்றுதான் என்கிறீர்கள். ஐயா, நானும் அப்படித்தான் தலையாட்டினேன்.

ஆனால் எண்ணே வராமல் போனால்? அளவுக் கருவியின் கம்பி அறுந்து, "எனக்குத் தெரியவில்லை" என்று அது கைவிரித்தால்? அப்போது முதல் வரி என்ன சொல்லும்? மூன்றுக்கு மேல் என்பது உறுதியா? உறுதியில்லை. அப்படியானால் ஓட்டு! இரண்டாவது வரி என்ன சொல்லும்? மூன்றுக்குக் கீழே என்று தெரியுமா? தெரியாது. அப்படியானால் சும்மா இரு! சந்தேகம் வந்தால் ஓடிப் போய்க் காப்பாற்று என்று சொன்ன ஒரு வரியை, சந்தேகம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்று சொல்லும் வரியாக என் விளக்கு மாற்றியது. ஓசையில்லாமல் மாற்றியது. ஒப்பனையோடு மாற்றியது. உதவி என்ற பெயரில் மாற்றியது.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கம்பி நன்றாக இருந்தது, எண் வந்துகொண்டிருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதம். நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் மழை நின்றது, வெயில் வரவில்லை, ஓர் இலை ஆடவில்லை. குளத்துப் பாசி செத்துக் கீழே இறங்கும் நாள் அது. குளம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அப்படிப்பட்ட நாளில் நடுப்பகலிலும் தண்ணீருக்கு மூச்சு திணறும். அன்று ஆகிம் அக்கா ஜியாலியில் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்த விருந்துக்குப் போயிருந்தார். போகாமல் இருந்திருப்பார். "போங்க சித்தி, எதுனா ஆச்சுன்னா போன் கத்தும்" என்று யோங்செங் சொன்னதால் போனார். வட்ட மேசையில் பன்னிரண்டு தட்டு விருந்து. போனைக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மூன்று முறை எடுத்துப் பார்த்தார். போன் வாயே திறக்கவில்லை. சத்தமில்லை என்றால் சங்கடமில்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அதற்கு முந்தின நாளே எலி கம்பியைக் கடித்துவிட்டது.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தவர், வரப்பில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பார்த்திருக்கிறார். ஊரில் இருக்கும் கொக்கெல்லாம் அவருடைய குளத்தின் ஒரே மூலையில் வரிசையாக நின்றிருக்கின்றன. ஒன்றுகூடப் பறக்கவில்லை, பறந்து பிடிக்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. தண்ணீரின் மேல்மட்டம் முழுக்க வாய்கள். திறந்த வாய்கள். திறந்து திறந்து மூடும் ஆயிரமாயிரம் வாய்கள். விருந்துக்குப் போன உடையோடு ஓடினார். கையால் சுவிட்சைத் தட்டிச் சக்கரங்களை ஓடவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தண்ணீரை அடித்தார். ஒரு மனுஷி, இரண்டு கை, ஏழு ஏக்கர் குளம்!

மறுநாள் விடியும்போது இரண்டு குளங்களில் உயிர் இல்லை. மூன்றாவது குளத்தில் பாதி இருந்தது.

இது நடந்து பத்தொன்பது நாள் யோங்செங் தன் நிரலை வரி வரியாகத் தோண்டினார். கண்டுபிடித்தார். மார்ச் மாத மாற்றம். அதற்கு அவரே எழுதி வைத்திருந்த குறிப்பு ஒரே சொல்: "நேராக்கியது." உடனே எங்கள் திட்டத்துக்கு ஒரு பிழைக் குறிப்பு அனுப்பினார். ஆறு வரி. திட்டவில்லை. அழவில்லை. மீன் என்ற சொல்கூட அதில் இல்லை. "எண் வராத இடத்தில் இந்த மாற்றம் பொருளைப் புரட்டிவிடுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அன்பிற்குரியவர்களே, நான் சொல்ல வெட்கப்படும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

அந்தக் குறிப்பு வந்தபோது நான் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் உணவுக் குச்சிகள். மறு கையால் பதில் அடித்தேன். "வடிவமைத்தபடியே இயங்குகிறது. ஏற்றுக்கொள்ளும் முன் வாசித்துப் பார்ப்பது பயன்படுத்துகிறவரின் கடமை." அடித்துவிட்டுக் குறிப்பை மூடினேன். வந்ததிலிருந்து மூடியது வரை பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடம் இன்றும் அங்கே பதிவாகி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். திறந்த திட்டத்தின் பெருமை அது. என் சிறுமை திறந்தே கிடக்கிறது.

இரண்டு மணி நேரம் கழித்து யோங்செங் மறுபடி எழுதினார். எழுத்தே இல்லை. ஒரு படம். குளத்தின் படம். வெள்ளை வயிறுகள், கரை முதல் கரை வரை.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. வந்த பிறகு சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். பதினான்கு மாதத்துக்கு முன்பே, பூசானிலிருந்து ஹ்வாங்போ சியோக் என்று ஒருவர் இதே பிழையை எழுதி அனுப்பியிருந்தார். நான்கே வரி. நான் அதைப் படித்தேன். சரி என்று புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டே அதன்மேல் ஒரு சீட்டை ஒட்டினேன். "அரிது." யார் எண் இல்லாததைப் போய் ஒப்பிடப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே ஒட்டினேன். அரிது என்பதற்கு என் அகராதியில் என்ன பொருள் தெரியுமா? எனக்கு நடக்காது என்று பொருள்!

மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு ச்சிகூவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, என் மனதை ஆற்றிக்கொள்ளப் போனேனா? இரண்டும்தான். பொய் சொல்ல மாட்டேன்.

யோங்செங் வரப்பில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். ஆகிம் அக்கா கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் அந்த பல்பா?"

"ஆமாக்கா. நான்தான் அந்த பல்பு."

(சிரியுங்கள், பரவாயில்லை. அவரும் சிரிக்க வைக்கத்தான் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

"இந்தப் பய சரியா சாப்பிட்டு இருபது நாளாச்சு. நேத்துலேருந்து 'சித்தி, நான்தான் அமுக்குனேன், நான்தான் அமுக்குனேன்'னு அதையே சொல்லிட்டுத் திரியறான். யோங்செங், அப்படித் தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கற. சரி, நீ சொல்லும்மா. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இங்கிலீஸ்ல பேசுன, இந்த ஊசியால வாயத் தச்சிடுவேன்."

சொன்னேன். உங்களுக்கு இப்போது சொன்னதைத்தான் சொன்னேன். ஊசி நின்றது. அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி கலங்கிக் கெடக்கு. அடி தெரியல. நான் என்ன பண்ணுவேன்? கால வச்சுப் பாப்பேன். கம்ப விட்டுப் பாப்பேன். தெரியலன்னா நல்லா இருக்குன்னா அர்த்தம்?"

"இல்லக்கா."

"இது அந்த பல்புக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. அதுக்கு எதுவும் தெரியாது."

"உனக்கு?"

யோங்செங் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொல்லப் போவது அவருக்கும் புதிய செய்தி.

"எனக்கு... ஒரு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் எழுதிச் சொன்னாருக்கா."

"அப்பத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சு, அப்புறம் ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

அவையோரே! அறிஞர்களே! பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மேடை மேடையாகப் பதில் சொல்லியிருக்கிறேன். பதினோரு நிமிடத்தில் பதில் சொல்லி மூடியிருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"அது கெடக்கட்டும்" என்று எழுந்தார். சுவரோரம் கிடந்த ஒரு ஜோடி பூட்ஸை என் பக்கம் தள்ளினார். "மாட்டிட்டு வா."

நீரை வடித்திருந்த குளம். முழங்கால் வரை சேறு. இறங்கி நடந்தோம். நடு மண்ணில் வெயில் பட்டு ஏதோ மினுங்கியது. குனிந்து பார்த்தேன். செதில்கள். அள்ளி எறிந்த பிறகும் மண்ணில் ஒட்டிக்கொண்ட செதில்கள், கால் வைத்த இடமெல்லாம், கண் எட்டிய இடமெல்லாம். அந்த நாற்றத்தை நான் இந்த மேடையில் வருணிக்கப் போவதில்லை. முன்வரிசைக்குத் தெரியும்.

"பாத்துட்டியா?" என்றார். "இப்பப் போயி சரி பண்ணு. பண்ணிட்டு வந்து காட்டு. அப்புறம் பேசிக்கலாம்."

அன்று மாலையே, மூடிய குறிப்பைத் திறந்தேன். என் பதிலுக்குக் கீழே என் தவறை எழுதினேன். "அரிது" என்று நான் ஒட்டிய சீட்டையும் எழுதினேன். பூசானுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். ஹ்வாங்போவிடமிருந்து வந்த பதில் இது: "அந்தக் குறிப்பை நான் மறந்தே போனேன். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் திட்டத்துக்கும் நான் பிழை எழுதி அனுப்பவில்லை. நான் பார்ப்பதெல்லாம் அற்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்."

ஒரு சீட்டு குளங்களை மட்டும் கொல்லவில்லை, நண்பர்களே. கண் உள்ள ஒரு மனிதனின் வாயையும் கட்டிவிட்டது.

பிறகு வேலை தொடங்கியது. அந்த ஒரு விளக்கைத் திருத்துவது ஒரு மணி நேர வேலை. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நூற்று முப்பத்தேழில் மற்ற நூற்று முப்பத்தாறு? அவை யார் குளத்தில் காத்திருக்கின்றன? என்னோடு துவோவைக் கட்டிய ஜியென் போஹான், இதோ மேடையில் என் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார். யோங்செங்கும் சேர்ந்துகொண்டார். மூன்று பேர், எட்டு மாதம், எல்லாச் சனிக்கிழமையும். ஒவ்வோர் உதவியையும் எடுத்து ஒரே கேள்வி கேட்டோம்: இது மாற்றிய பிறகும் பொருள் மாறாது என்று நம்மால் காட்ட முடியுமா? நம்பிக்கை வேண்டாம், வழக்கம் வேண்டாம், காட்ட முடியுமா?

மூன்றாம் மாதத்தில் சண்டை வந்தது. ஜியென் என்னை மன்னிக்க வேண்டும். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஷூசிங், நீ எழுதறது உதவியா, எச்சரிக்கைப் பலகையா? எதத் தொட்டாலும் 'ஜாக்கிரதை, ஜாக்கிரதை'ன்னா எவன் வச்சிருப்பான்? பக்கத்துக் கடையில வேகமான எடிட்டர் நிக்குது. நம்ம ஆளுங்க பூரா அங்க ஓடிடுவாங்க."

"ஓடட்டும்."

"ஓடட்டுமா? ஒம்பது வருஷம்! நீ ஒரு குளத்துக்கு அழுவுற. நாம கட்டுனது மொத்தமும் செத்துப் போனா அதுக்கு யார் அழுவா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுவரை மூலையில் உட்கார்ந்து சோதனை நிரல் எழுதிக்கொண்டிருந்த யோங்செங் தலை நிமிராமலே பேசினார்.

"ஜியென் அண்ணே, அன்னிக்கு நான் அமுக்குனப்ப அது என்னை ஒரு கேள்வி கேட்டிருந்தா, ரெண்டு செகண்ட் நின்னிருப்பேன். நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. ரெண்டு செகண்ட் போதும், எனக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ரெண்டு செகண்ட வேகம்னு சொல்லி நீங்கதான எடுத்துக்கிட்டீங்க?"

ஜியென் எழுந்து போய் மூன்று பேருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். "அடுத்தது எது?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்களில் அதிகக் கண்டிப்பானவர் அவர்தான். சரிதானே ஜியென்? தலையாட்டுகிறார்.

எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றாறு உதவிகள் எந்த நிலையிலும் பொருளை மாற்றா என்று காட்டினோம். இருபத்தொன்பது உதவிகள் சில நிலைகளில் மாற்றும். அவை இப்போது நின்று, என்ன ஆபத்து என்று சொல்லி, பிறகே செய்கின்றன. பன்னிரண்டை அறவே நீக்கினோம். நீக்கியதில் எல்லோருக்கும் பிடித்த இரண்டும் இருந்தன. என்ன வசவு! "என் பல்பைத் திருப்பிக் கொடு" என்று அஞ்சல் அஞ்சலாக வந்தது. ஆயிரக்கணக்கானோர் விலகிப் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் இன்றுவரை திரும்பவில்லை. ஜியென் பயந்தது நடந்தது. மறைக்க மாட்டேன்.

வேலை முடிந்ததும் மறுபடி ச்சிகூவுக்குப் போனேன். காட்டச் சொன்னாரே! குளத்தில் தண்ணீர் நிரம்பி, மீன்குஞ்சு விட்டிருந்தார்கள். சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. மீன் பெட்டியின் மேல் மடிக்கணினியை வைத்து, அதே பழைய வரியை எழுதினோம். விளக்கு எரிந்தது. அமுக்கியதும் மாற்றவில்லை, ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. யோங்செங் அதை உரக்க வாசித்தார்: "மிதவைப் புள்ளி மதிப்புகளின் முழுமையற்ற வரிசைத்தன்மை காரணமாக, இம்மாற்றம் சமானமானதாக இல்லாமலிருக்கக்கூடும்."

ஆகிம் அக்கா என்னைப் பார்த்தார்.

"இத யாருக்கு எழுதியிருக்க?"

"நிரல் எழுதறவங்களுக்குக்கா."

"டேய் யோங்செங், உனக்குப் புரிஞ்சுதா?"

யோங்செங் கழுத்தைச் சொறிந்தார். "ரெண்டு தடவ படிச்சா... புரியும் சித்தி."

"பாரு. திமிரா, பயமான்னு தெரியல. தப்பு நடந்தா 'நான்தான் சொன்னேனே'ன்னு தப்பிக்க எழுதின மாதிரி இருக்கு. எங்கிட்ட எப்படிச் சொன்ன அன்னிக்கு? அப்படி எழுது."

அங்கேயே, அந்தப் பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "இங்கே எண் வராமல் போனால், இந்த மாற்றம் வேறு வேலை செய்யும். பார்த்துவிட்டுச் செய்." இன்று உலகத்தில் யார் துவோவைத் திறந்தாலும் அந்த இடத்தில் இருப்பது அந்த வரிதான். கணினி படிக்காத ஒரு மீன்குளக்காரியின் வரி. எங்கள் கருவியில் இருக்கும் மிகத் தெளிவான வரி.

அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்கிறீர்களா? யாரோ கேட்டீர்கள், காதில் விழுந்தது. எனக்குத் தெரியாது, அம்மா. அவர் சொல்லவில்லை, நான் மறுபடி கேட்கவில்லை. போகும்போது ஒரு மீன் கொடுத்தார். குடல் எடுத்துச் சுத்தம் செய்து, பையில் போட்டுக் கொடுத்தார். "முள்ளு பாத்துத் தின்னு" என்றார். அவ்வளவுதான் தெரியும்.

இப்போது, பெரியோர்களே, பிற்பகல் தீர்மானத்துக்கு வருகிறேன்.

உங்கள் முன் வைக்கப்பட்டிருக்கும் தீர்மானம் என்ன? இனிமேல் துவோ கேட்க வேண்டாம். விளக்கு எரிய வேண்டாம். கோப்பைச் சேமித்தாலே போதும், எல்லா உதவிகளும் தாமாகவே நடந்து முடிந்துவிட வேண்டும். விலகிப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்கிறார்கள். வேகம் கூடும் என்கிறார்கள். காலம் கேட்கிறது என்கிறார்கள். கேட்கட்டும்! காலம் எதைத்தான் கேட்கவில்லை? ஆனால் குளத்துக்குள் வாய் திறந்து மூச்சுக்கு ஏங்குகிறவன் கேட்பது யார் காதில் விழும்? மருத்துவமனைப் படுக்கைக்குப் பக்கத்தில் ஓடும் கருவியின் நிரலை எந்த மொழியில் எழுதுகிறார்கள்? மலைச்சரிவில் பள்ளிப் பேருந்துக்குப் பாதை சொல்லும் நிரலை எந்த எடிட்டரில் எழுதுகிறார்கள்? நமக்குத் தெரியாது. திறந்த கருவி செய்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. அதுதான் நம் பெருமை. அதுதான் நம் பாரம். நம் கைவேலை போய்ச் சேரும் வீடுகளின் வாசலை நாம் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. பார்க்காத வாசலுக்குள் நுழைகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டாமா? கதவைத் தட்டிவிட்டு நுழைய வேண்டாமா? "இது எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லத் தெரிந்துகொண்டு நுழைய வேண்டாமா?

தீர்மானத்தைத் தோற்கடியுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேகம் எனக்கும் பிடிக்கும். மூன்று திருத்தம் கேட்கிறேன். தாமாக நடக்கட்டும், ஆனால் காட்டப்பட்ட தொண்ணூற்றாறு மட்டும் நடக்கட்டும். நம் சீட்டுகளிலிருந்து "அரிது" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். யாரோ ஒருவர் நேரம் ஒதுக்கி எழுதி அனுப்பிய எதுவும் அரிதென்று மூலையில் கிடக்க வேண்டாம். மூன்றாவதாக, ஒவ்வோர் உதவிக்கும் கீழே, இதைச் சோதித்தவர் இன்னார், பிழை என்றால் இவரைக் கேளுங்கள் என்று ஒரு மனிதரின் பெயர் இருக்கட்டும். குழுவின் பெயர் வேண்டாம். சங்கத்தின் பெயர் வேண்டாம். கேட்டால் திரும்பிப் பார்க்கக்கூடிய ஒருவரின் பெயர்.

அதற்கான தாள் வாசலோர மேசையில் விரித்து வைத்திருக்கிறது. தொண்ணூற்றாறும் இருபத்தொன்பதும் சேர்த்து நூற்று இருபத்தைந்து வரிகள். 'இல்லையென்றால்' முடிச்சை அவிழ்க்கும் அந்த உதவி, திருத்தப்பட்டு, முதல் வரியில் நிற்கிறது. அதற்கு நேரே காலையிலேயே என் பெயரை எழுதிவிட்டேன். மிச்சம் நூற்று இருபத்து நான்கு வரிகள் காலியாக இருக்கின்றன. பேனா பக்கத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு நேரம் என் தவறைப் பொறுமையோடு கேட்ட அவைக்கும், அதைச் சொல்ல மேடை தந்த தலைவருக்கும், வலை போடும் நாளிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்த தாய்மார்களுக்கும், தலை தாழ்த்தி நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.